அழ வைத்த முடிவு

எண்பதுகளின் கடைசியில் மாத்தளையில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நாங்கள் மூன்று பெண்கள் ஒரே பஸ்ஸில் வருவோம். ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யாராவது வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டால், திங்கட்கிழமை பகல் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தப் பேச்சுதான்.

அந்த வாரப் படத்தில் ஒருவன் ஒரு பெண்ணைப் பலவந்தமாகக் கெடுத்துவிடுகிறான். கடைசியில் ஊர் கூடி அவனையே அவளுக்குத் தாலி கட்ட வைக்கிறது. மேளம் கொட்ட, அவள் அவன் காலில் விழுகிறாள்.

“முடிவுதான் புள்ள நல்லா இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்திருச்சு,” என்றாள் எங்களில் மூத்தவள்.

“கெடுத்தவன் கால்லயா விழுவாங்க? எனக்குக் கொமட்டிக்கிட்டு வந்துச்சு,” என்றேன்.

“பின்ன, அவள வேற எவன் கட்டுவான்?”

“எங்கக்காவுக்கு அப்படி நடந்தப்போ, அவனுக்கே கட்டி வைக்கத்தான் வீட்ல பேசுனாங்க. அவ மாட்டேன்னுட்டு கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டா,” என்றாள் மற்றவள், சோற்றைப் பார்த்தபடி.

மூத்தவள் கொஞ்சமும் தயங்காமல், “ஐயோ, அப்ப அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?” என்று கேட்டாள்.

படத்தைவிட அந்தக் கேள்விதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. உண்மையான இரக்கத்தோடு கேட்டாள் என்பது இன்னும் அருவருப்பாக இருந்தது. சோற்றுப் பொட்டலத்தை மூடிவிட்டு, மற்றவளின் கையைப் பிடித்து எழுப்பிக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். மறுநாளிலிருந்து நாங்கள் இருவரும் தனியாகச் சாப்பிட்டோம்.