மாரியம்மன் தேரின் கார் விளக்குகள்

காலைத் தேநீர் மேசைக்கு வந்த நேரத்தில் கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. கறுத்துப்போன ஒரு கார் முன்விளக்கைப் பழைய செய்தித்தாளின் மேல் வைத்து எடுத்திருந்தார்கள். அனுப்பியவர் கோலாலம்பூரில் ஏதோ வங்கியில் வேலை பார்ப்பவராம். பிரிட்டிஷ்காரன் செய்த பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறாராம். “அங்கிள், இது ஒரிஜினலா?” என்று குரல் பதிவு வேறு. வந்த கோபத்தில் தேநீரைத் தொடவில்லை. அவர் மேல் தப்பே இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார். ஈப்போவில் என் வயதுக்காரர்களுக்கு உப்பால் ரத்தக் கொதிப்பு வருகிறது, எனக்கு ஒரிஜினல் என்ற அந்த வார்த்தையால் வருகிறது.

அந்த வார்த்தையை விற்றுத்தான் பதினேழு வருஷம் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய டவுனில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் பட்டறை. முதலாளி சீனர், எல்லோரும் தவுக்கே என்று கூப்பிடுவோம். பணக்காரர்களின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பிரித்து, பளபளவென்று திருப்பித் தருவது தொழில். அசல் சாமான் எது, தைவானில் செய்த நகல் எது என்று கண்டுபிடிப்பது என் வேலை. மெட்ரிக் ஸ்பேனர் சரியாக உட்கார்ந்தால் அந்தப் போல்ட் போலி. அசலுக்கு அங்குல ஸ்பேனர்தான் பிடிக்கும். விளக்கின் கண்ணாடியை விரல் நகத்தால் தட்டினால் அசலின் சத்தம் கனமாக இருக்கும். குரோமை ஒரு ஓரத்தில் சுரண்டினால் அடியில் பித்தளை தெரிய வேண்டும். அச்சில் வார்த்த எண்களைத் தடவிப் பார்த்தே சொல்வேன். நாக்கில் வைத்துப் பார்த்தும் சொல்வேன் என்று தவுக்கே வாடிக்கையாளர்களிடம் அளந்துவிடுவார். நானும் மறுக்காமல் நின்று சிரிப்பேன். அவ்வளவு மண்டைக் கனம்.

பட்டறையில் எப்போதும் மெருகுப் பசை வாசனை அடிக்கும். வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தாலும் விரலில் அதே வாசனைதான். புகைக்கூடத்தில் வேலை பார்த்த என் அப்பாவின் சட்டையில் ரப்பர் ஷீட் வாடை எப்படிப் போகவே போகாதோ அப்படி. இரண்டு வாடைக்கும் சம்பந்தம் உண்டு. அந்தக் கார்களை ஓட்டியவர்கள் பெரும்பாலும் தோட்டத்துத் துரைமார்கள்தானே. கார் கெட்டதும் போட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார்கள். நம் ஆட்கள் எதையும் வீணாக்கவில்லை. காரின் இரும்புப் பட்டை ஸ்பிரிங்கை அடித்துப் பாராங் என்கிற வெட்டுக்கத்தி ஆக்கினார்கள், சீட்டுத் தோலில் செருப்பு தைத்தார்கள். தாப்பா பக்கம் ஒரு வீட்டில் கம்பிச் சக்கரம் ஒன்றைக் கிணற்றுக்கு உருளையாக மாட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பிளாஸ்டிக் வாளியும் புது உருளையும் கொடுத்து அதைக் கழற்றி வந்தேன். தோட்டத்துப் பிள்ளை என்பதால் என்னை யாரும் சந்தேகப்படவில்லை. அதற்காகத்தான் தவுக்கே என்னை வைத்திருந்தார் என்று எனக்குப் புரிய ரொம்ப நாளானது.

அப்புறம்தான் எங்கள் சொந்தத் தோட்டத்துக்கே போனேன்.

ஆயர் தாவாரிலிருந்து உள்ளே போக வேண்டும். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட பிறகும் எங்கள் ஆட்கள் குடியிருந்த லயங்கள் இருந்தன, மாரியம்மன் கோயில் இருந்தது. ஆடித் திருவிழாவுக்குத் தேரை டிராக்டரில் கட்டி இழுப்பார்கள். அந்தத் தேரின் முன்னால், அம்மனுக்கு இரண்டு பக்கமும், இரண்டு கார் விளக்குகள் இருக்கும். அந்தக் காலத்தில் மேனேஜராக இருந்த ஒரு துரை தன் ஸ்போர்ட்ஸ் காரை ரப்பர் மரத்தில் மோதி, எலும்பு ஒன்றும் முறியாமல் எழுந்து வந்தாராம். மரம் நின்றது கோயிலுக்கு எதிரில். அம்மன் காப்பாற்றினாள் என்று ஆட்கள் சொல்ல, அவர் நொறுங்கிய காரிலிருந்து விளக்குகளைக் கழற்றிக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு விடாமல், தோட்டத்து ஃபிட்டரைக் கூப்பிட்டு ஒரு விளக்கின் பின்பக்கத்தில் உளியால் இங்கிலீஷ் எழுத்துகளை அடிக்கச் சொன்னார். தோட்டத்தின் பெயர், மாரியம்மன் கோயிலுக்கு மேனேஜர் கொடுத்தது, வருஷம். கோணல் மாணலாக இரண்டு வரி.

லாரி பேட்டரியில் அந்த விளக்குகள் எரியும்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓடுவோம். அப்போது அது எனக்கு அம்மனின் வெளிச்சம். பட்டறைக்காரனாகப் போய் நின்றபோது கண்ணாடியைத் தட்டினேன், ஓரத்தைச் சுரண்டினேன். அசல். ஜோடி அசல். ஒரு வாடிக்கையாளர் மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

கோயில் சாவி லெட்சுமி அக்காவிடம் இருந்தது. ரப்பர் பால் வெட்டிய காலத்தில் என் அம்மாவுக்குப் பக்கத்து மர நிரையில் வேலை செய்தவர். இரண்டு புதிய விளக்குகளைக் காட்டி, பழையவற்றைத் தாருங்கள், இவை இரண்டு மடங்கு பிரகாசம் என்றேன். அக்கா துணியால் பழைய விளக்கைத் துடைத்தபடியே யோசித்தார்.

“இதுல தொரை எழுதுனது இருக்கே தம்பி.”

“எழுத்து எதுக்குக்கா? வெளிச்சம்தானே வேணும்?”

இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் அறையலாம் போலிருக்கிறது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். படித்தேன். படித்துவிட்டுத்தான் சொன்னேன்.

எங்கள் தொழிலில் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு சாமான் மேல் விழுந்ததெல்லாம் பழுது. ஓட்டை, கீறல், எழுத்து எல்லாம் ஒன்றுதான். எழுத்துக் குழிகளில் பித்தளையை உருக்கி நிரப்பினேன், அரத்தால் ராவினேன், மெருகேற்றினேன், குரோம் பூச அனுப்பினேன். வேறு யாரும் செய்யவில்லை, என் கைதான். தவுக்கே விளக்கை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து மெச்சினார். இனிமேல்தான் இது ஒரிஜினல் என்றார். தலையை ஆட்டினேன்.

சில வருஷத்தில் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் வீடமைப்புத் திட்டம் போட்டார்கள். தோட்டம் விற்ற பிறகு யாரோ குடியேறி வந்து கட்டிய கோயில் இது, மாற்று நிலம் தர முடியாது என்று நில அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று தலைமுறை தேங்காய் உடைத்த இடத்தை நேற்று முளைத்த காளான் என்கிறார்கள், அதுவும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு. விசாரித்த அதிகாரி மோசமானவரில்லை. தோட்டம் விற்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு வருஷம் போட்டு, தோட்டத்தின் பெயரோடு கோயிலைக் குறிப்பிடும் எதையாவது காட்டுங்கள், போதும் என்றார். பழைய ஆபீஸ் கணக்குகளெல்லாம் எப்போதோ எரிந்திருந்தன. கணக்கு எழுதிய கிராணி செத்துப் பல வருஷம்.

லெட்சுமி அக்கா பஸ் பிடித்து ஈப்போ வந்தார். பட்டறை வாசலில் நின்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே நான் கொடுத்த இரண்டு விளக்குகள், துண்டில் சுற்றி, கீறல் படாமல்.

“புதுசு பத்தரமா இருக்குலா. பழச ஒரு நாளைக்கு மட்டும் குடு. ஆபீசுல காட்டிட்டுக் கொண்டாந்து தாரேன்.”

வாடிக்கையாளர் விளக்கைத் தருவார்தான். தந்து என்ன, எழுத்து இருந்த பின்பக்கத்தில் இப்போது என் முகம்தான் தெரியும். நடந்ததைச் சொன்னேன். அக்கா கத்தவில்லை. அப்படின்னா நீயே வந்து சொல்லு, படிச்சது நீதானே என்றார்.

போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். விளக்கின் குறுக்களவு சொன்னேன். பித்தளையின் தடிமன் சொன்னேன். எழுத்து எவ்வளவு ஆழம், அதை நிரப்ப எத்தனை கம்பி பித்தளை பிடித்தது, எல்லாம் சொன்னேன். தாஹுன் பெராப்பா என்றார், என்ன வருஷம் என்று. ஒரு வருஷம் சொன்னேன். பிறகு இன்னொன்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அக்காவுக்கு மலாய் புரியும். அவர் என்னைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில் மறு மாதமே போனது. லயங்கள் போயின. அம்மன் கொஞ்ச நாள் அக்காவின் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில், துணி காயும் கம்பிக்குக் கீழே இருந்தாள். பிறகு அக்காவும் இறந்துவிட்டார். புதுக் குடியிருப்புக்குப் பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டத்தின் பெயர் ஒரு பலகையிலும் இல்லை. அந்த இரண்டு வரியைப் படித்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன். கண்ணாடி விளிம்பில் வார்த்திருந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உளியால் அடித்திருந்த அந்த வருஷம்தான் இன்னும் நினைவுக்கு வரவில்லை.