வடக்கே பறக்கச் சொன்னவள்

வீரம்மாளுக்கு வாய் நீளம் என்று மரக்காணத்துக் கடலோரக் குப்பம் முழுக்கப் பேச்சு. கூடை தூக்கி மீன் விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். வாயும் இல்லாமல் போயிருந்தால் ஊர் அவளை ஏறி மிதித்துவிட்டுப் போயிருக்கும். அதை மட்டும் ஒருவரும் பேச மாட்டார்கள்.

1944, மாசி மாதம். யுத்தத்துக்காகத் திண்டிவனம் சாலையில் புதிதாக முளைத்த விமான முகாமிலிருந்து கிளம்பிய விமானமொன்று கடலில் விழுந்தது. தேடக் கட்டுமரம் வேண்டும் என்று குப்பத்துக்கு ஆள் வந்தது. வீரம்மாளின் புருஷன் பச்சமுத்து தனியாகவே கிளம்பிப் போனான். விழுந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் ரப்பர் படகில் தெற்கே மிதந்துகொண்டிருந்ததை மறுநாள் வேறொரு விமானம் கண்டுபிடித்தது. முகாமில் ஒரே கொண்டாட்டம். பச்சமுத்து திரும்பவில்லை. அவன் என்ன ஆனான் என்று அங்கே ஒரு ஜீவன் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் ஆள் கரைக்கு வராவிட்டால் செத்தவனென்று சடங்கை முடித்துவிடுவது குப்பத்து வழக்கம். அன்று விடிந்ததுமே ஊர்த் தலைவரான நாட்டார் துரைக்கண்ணு வாசலில் வந்து நின்றார்.

"மனச தேத்திக்கோ வீரம்மா. சாயங்காலம் செய்ய வேண்டியத செஞ்சிடலாம்."

"யாருக்கு? மொதல்ல பொணத்த காட்டுங்க. அப்புறம் நானே தாலிய கழட்டிக் குடுக்கறேன்" என்றவள், அப்படியே திண்டிவனம் சாலையில் நடையைக் கட்டினாள். பத்து மைல்.

முகாம் வாசலில் துப்பாக்கிக்காரன் மறித்தான். புருஷனைத் தேடச் சொல்லி அவள் போட்ட சத்தத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வெளியே வந்தார். அங்கே மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக வேலை பார்த்த திண்டிவனத்து இருதயராஜ், பாவம், நல்ல பிள்ளை. அதிகாரி சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அவங்க ஆளுங்கள தேடினப்பவே தெற்கே பூரா பாத்துட்டாங்களாம்மா. காத்து அந்தப் பக்கந்தான் தள்ளுதாம். கட்டுமரம் ஒண்ணும் கண்ணுல படலியாம்."

வீரம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரப்பரு மேலாக்க மெதக்கும், காத்து தள்ளும். கட்டுமரம் தண்ணியோட தண்ணியா கெடக்கும், தண்ணி இழுக்கற பக்கந்தான் போவும். மாசில தண்ணி வடக்கே ஓடுது. இதுகூட தெரியாம கடல் மேல இன்னாத்த பறக்கறாரு உங்க தொர?"

கடைசி வரியை விழுங்கிவிட்டு மற்றதை இருதயராஜ் சொன்னான். அதிகாரி கேட்டுக்கொண்டே முகத்தைத் திருப்பினார்.

துப்பாக்கிக்காரன் சுதாரிப்பதற்குள் வீரம்மாள் வேலிக் கம்பிக்குள் குனிந்து புகுந்து ஓடினாள். மத்தியான ரோந்துக்கு ஒரு விமானம் உறுமிக்கொண்டு நின்றது. அது ஓடவேண்டிய பாதையின் நட்டநடுவில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான்கு பேர் துப்பாக்கியோடு சூழ்ந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"சுடறதுன்னா சுடு. எப்படியும் பறக்கத்தான் போறீங்க. அத வடக்கே பறந்தா இன்னா கொறஞ்சி பூடும்?"

இதை இருதயராஜ் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அதிகாரி துப்பாக்கிகளை இறக்கச் சொன்னார். பிறகு விமானியிடம் வடக்கே கை காட்டினார்.

சதுரங்கப்பட்டினத்துக்கு நேரே, பாய் கிழிந்து துடுப்பும் போன கட்டுமரத்தில் பச்சமுத்து குப்புறக் கிடந்தான். விமானம் அந்த ஊர்க் கரையில் தாழப் பறந்து கடலுக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருக்க, மூன்றாம் முறை அங்கிருந்த மீனவர்களுக்கு விஷயம் புரிந்து படகைத் தள்ளினார்கள். உயிர் இருந்தது.

நான்கு நாள் கழித்து அதிகாரி பால் டின்களும் கம்பளியும் ஏற்றிய ஜீப்பில் குப்பத்துக்கே வந்தார். வீரம்மாள் குறுக்கே நின்றாள்.

"உங்க ஆளு வுழுந்தான்னு கூப்ட்டீங்க, ஓடியாந்தோம். எங்க ஆளு காணோம்னா நான் வந்து தரையில குந்தணுமா? அடுத்த தபா நாங்க கேக்கறதுக்கு முந்தி உங்க ஏரோப்பிளேன் கெளம்பணும். அதுக்கு வாக்கு குடுத்துட்டு அப்புறமா டின்ன எறக்கு."

இருதயராஜ் சொல்லி முடித்தான். அதிகாரி "சரி" என்றார், தமிழிலேயே. அதற்குப் பிறகுதான் அவள் வழி விட்டாள்.