மெடிக்கல் போர்டுக்குப் போன ஆம்ப்ரோஸ்

மெடிக்கல் போர்டுக்குப் போகிற அன்று காலையில் ஆம்ப்ரோஸ் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். குனிந்தாலே மூச்சு வாங்குகிற மனுஷர், சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போட்டார். பார்த்துக்கொண்டிருந்த மனைவி ஜொவிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இந்தா பாருங்க, நீங்க பரேடுக்குப் போகல. உடம்பு முடியலன்னு சொல்லப் போறீங்க. அந்த நெனப்பு கொஞ்சமாவது இருக்கட்டும்.”

“அதுக்காக பிச்சைக்காரன் மாதிரியா போய் நிக்கச் சொல்றே?” என்று மீசையை வாரிக்கொண்டார்.

இந்த மீசையும் மிடுக்கும்தான் அந்த வீட்டைக் கெடுத்தன. பட்டாளத்தில் இருந்தபோது பனிமலைக் காவலுக்கு இரண்டு தடவை போய்வந்தவருக்கு அங்கேயே இருமல் பிடித்துவிட்டது. வருஷாந்திரப் பரிசோதனையில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பிரமோஷன் போகும், கூட இருப்பவன் இளக்காரமாகப் பார்ப்பான். அதனால் வெந்நீரைக் குடித்து இருமலை அடக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்று, ஒவ்வொரு வருஷமும் ஃபிட் என்று எழுதி வாங்கிக்கொண்டார். ஹவில்தாராகவும் ஆனார். ஓய்வுபெற்று சாந்தோமுக்கு வந்த பிறகு, நுரையீரல் பாதி போய்விட்டது என்றார் டாக்டர். டிஸபிலிட்டி பென்ஷன் கேட்டு எழுதினால், சர்வீஸில் உங்களுக்கு எந்த நோயும் இருந்ததாகப் பதிவே இல்லை என்று பதில் வருகிறது. பதிவு எங்கிருந்து வரும்? வராமல் பார்த்துக்கொண்டதே இவர்தானே!

அதற்குப் பிறகு அலைந்ததெல்லாம் ஜொவிட்டா. வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட ரோட்டில் சுற்றிச் சுற்றிப் போகிற பஸ்ஸில், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். பனிமலையில் மருந்து கொடுக்கிற வேலை பார்த்த வலியுல்லாவை மேற்கு மாம்பலத்துச் சந்து ஒன்றில் தேடிப் பிடித்தாள். “நான்தாம்மா யாருக்கும் தெரியாம மாத்திரை குடுத்தேன்” என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் அப்பீல் அசைந்தது. நோய் பனியில் வந்ததுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். உடம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று போர்டு பார்த்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இதுவும் போனால் இன்னொரு தடவை அலைய அவளுக்குத் தெம்பில்லை.

மிலிட்டரி ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொன்னார்கள், ஊதினார், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் போர்டு அறைக்குள் கூப்பிட்டார்கள். ஜொவிட்டாவைக் கதவோரம் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நடுவில் இருந்த மேஜர் ஒரு பெண், மகள் வயதுதான் இருக்கும், தமிழிலேயே கேட்டார்.

“ரிப்போர்ட் பாத்தேன். வீட்ல எப்படி இருக்கீங்க? உங்க வேலையெல்லாம் நீங்களே செஞ்சுக்கிறீங்களா?”

அவ்வளவுதான், ஆம்ப்ரோஸின் குதிகால்கள் சேர்ந்துகொண்டன.

“எல்லாம் நானேதான், மேடம். ஃபிட்டா இருக்கேன்.”

“மாடிப்படி?”

“ஏறுவேன், மேடம்.”

மேஜர் பேனாவை எடுத்தார். ஜொவிட்டா எழுந்துவிட்டாள்.

“மேடம், அதை எழுதாதீங்க. இவர் பொய் சொல்றார்.”

“ஜொவி, உக்காரு.”

அவள் உட்காரவில்லை. “மாடி ஏறி ரெண்டு வருஷமாச்சு மேடம். படுத்தா மூச்சு அடைக்குது, உக்காந்தேதான் தூங்கறார். நான்தான் குளிப்பாட்டி விடறேன். பாத்ரூம் போய்ச் சேர்றதுக்குள்ள லுங்கியிலயே போயிடுது, அதையும் நான்தான் அலசறேன். வழியில நின்னு நின்னு வர்றத நாலு பேர் பாத்துடுவாங்கன்னு ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர்றதையே விட்டுட்டார். வெளியில சொல்லக் கூடாதுன்னு என் வாயையும் கட்டி வச்சிருக்கார்.”

ஆம்ப்ரோஸ் சுவரையே பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார். மேஜர் நிறையவே எழுதினார். எழுதி முடித்து, “இனிமே நீங்க அலைய வேண்டாம்மா” என்றார். ஜெயித்தாயிற்று என்று ஜொவிட்டாவுக்குப் புரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“திட்டணும்னா திட்டிடுங்க” என்றாள்.

அவர் திட்டவில்லை. மூச்சு வாங்குவது தணிந்ததும் சொன்னார்.

“நீ வீட்ல சொல்றப்பல்லாம் பயத்துல பெருசாக்குறேன்னு நெனச்சேன். அங்க நின்னு கேக்கறப்ப, யாரோ ஒரு சீக்காளியப் பத்திச் சொல்ற மாதிரி இருந்துச்சு. பாவம் அந்த ஆளுன்னு தோணுச்சு.” அவள் பக்கம் திரும்பினார். “அவ்ளோ மோசமாவா இருக்கேன், ஜொவி?”

“ஆமாங்க” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.