மூன்றாம் மாடியும் ஒரு கையெழுத்தும்

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் லிப்ட் இல்லை. கட்டியவர் அதற்கு இடம் விட்டிருந்தார், லிப்ட்தான் கடைசிவரை வந்து சேரவில்லை. அந்த இடத்தில் முதலாம் மாடிக்காரரின் சைக்கிள் நிற்கும். கல்யாணமான புதிதில் மூன்றாம் மாடிக்கு ஓடி ஏறியவள் நான். இப்போது மூட்டுத் தேய்ந்து, மரக்கறிப் பையுடன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. யாராவது இறங்கி வந்தால் கைபேசியில் முக்கியமாக எதையோ பார்ப்பதுபோல நடிப்பேன். ஒன்றில் முழங்காலில் ஒப்பரேஷன் செய்யவேண்டும், அல்லது வீட்டை மாற்றவேண்டும் என்று டொக்டர் சொன்னார். வீட்டை மாற்றுவோம் என்று தீர்மானித்தேன்.

வீடு என்னுடையது. அப்பா சீதனமாகத் தந்தது, வீட்டுப் பத்திரமான உறுதியில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வாங்குவதற்குப் புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் வந்தார். மகளின் கல்யாணம் நெருங்குகிறது, இளம் பிள்ளைகளுக்குப் படி ஒரு பொருட்டில்லை என்றார். எங்களுக்கும் இரண்டு ஒழுங்கை தள்ளி லிப்டுடன் ஒரு வீடு சரிவந்தது. அதன் சொந்தக்காரர் கனடாவுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். எல்லாம் கூடி வந்ததில் எனக்கே சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

இந்த இடத்தில் என் தொழிலையும் சொல்லியாகவேண்டும். கொள்ளுப்பிட்டியில் பெண்களுக்கான ஒரு சிறிய அமைப்பில் வேலை செய்கிறேன். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்போம் என்று உலக நாடுகள் சேர்ந்து ஒப்பமிட்ட உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எங்கள் அரசாங்கம் ஜெனீவாவுக்குப் போய், எல்லாம் நன்றாக நடக்கிறது என்று அறிக்கை வாசிக்கும். அதில் விடுபட்டதைச் சொல்ல எங்களைப் போன்றவர்களும் போவோம். இம்முறை என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். பேச மூன்று நிமிடம். தலைப்பு, தேசவழமைச் சட்டம். யாழ்ப்பாணத் தமிழருக்கென்று ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்தது அது. அதன்படி கல்யாணமான பெண் தன் சொந்த வீட்டை விற்பதற்கும் புருஷன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். இதைப்பற்றி வவுனியாவிலும் மன்னாரிலும் எத்தனையோ கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். பாவம், இந்தப் பெண்கள், என்று மனம் வருந்தியிருக்கிறேன்.

விமானம் ஏறுவதற்குள் விற்பனையை முடித்துவிட வேண்டும் என்று, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் போனேன். என் மகள் வயது இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள்.

“அன்ரி, அங்கிள் வரேல்லையோ?”

“அவர் ஏன்? வீடு என்ர பேரில.”

“உங்கட ஊர் எது அன்ரி?”

“யாழ்ப்பாணம்,” என்றேன். சிறுமியாகக் கொழும்புக்கு வந்தவள் நான். படித்தது, உழைத்தது, பிள்ளை பெற்றது எல்லாம் காலி வீதியைச் சுற்றித்தான். ஆனாலும் ஊர் எது என்று கேட்டால் வெள்ளவத்தை என்று சொன்ன ஒரு தமிழரை நான் இன்றுவரை கண்டதில்லை.

“அதுதான் அன்ரி. தேசவழமை. அங்கிள் சம்மதக் கையெழுத்து வைக்காட்டி, வாங்கிறவையின்ர லோயர் இந்த உறுதியைத் தொடவும் மாட்டார்.”

அந்தச் சட்டம் கொழும்புவரை வராது, வவுனியாவிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடும் என்றுதான் இவ்வளவு காலமும் என் மனதுக்குள் இருந்திருக்கிறது. பிள்ளை விளக்கம் சொன்னாள். கல்யாணத்துக்கு முதல்நாள் என்றால் நானே விற்றிருக்கலாம். விதவையானாலும் விற்கலாம். புருஷன் உயிரோடு இருப்பதுதான் தடை. அவர் மறுத்தால் நீதிமன்றத்தில் கேட்கலாம், ஆனால் அதற்குள் முழங்கால் முடிந்துவிடும். என் கைப்பையில் ஜெனீவாப் பேச்சு மடித்துக் கிடந்தது. அதைக் கிழித்து எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் அரசாங்கத் திணைக்களத்தில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், அப்பாவி. குடை கொண்டு போகவா வேண்டாமா என்பதைக்கூட என்னிடம் கேட்டுத்தான் வெளியே இறங்குவார். அவர் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்ர சம்மதமோ?”

“ஓம், உங்கடதான்.”

“அப்ப யோசிச்சுத்தான் சொல்லவேணும்.”

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் யோசிக்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல்தடவை. மூக்குக்கண்ணாடி மாட்டி உறுதியை ஆரம்பத்திலிருந்து வாசித்தார். மாலையில் கடற்கரையில் நடக்கப் போனவர், கூட நடப்பவர்களுடைய ஆலோசனைகளோடு திரும்பி வந்தார். புது வீடு கடலுக்குக் கிட்ட, யன்னல் கம்பி துருப்பிடிக்குமாம். சாமியறை தெற்குப் பார்க்கிறதாம். லிப்ட் பழுதானால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டாராம். லிப்டே இல்லாத வீட்டில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறார்.

நான் பொறுத்துக்கொண்டேன். பொறுத்தது மட்டுமா? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பெண் யாருடைய தயவிலும் வாழக்கூடாது என்று ஜெனீவாவுக்கு எழுதிக்கொண்டே இடையில் எழும்பிப் போய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். டொக்டர் அவருக்குத் தடுத்த சீனியைத் தாராளமாகப் போட்டுக் கலக்கினேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிடித்த ஒடியல் கூழும் காய்ச்சினேன். ஒரு கையெழுத்துக்காக நான் இப்படிக் குழைவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

பிறகு வியாபாரி கைபேசியில் அழைத்தார். “அக்கா, மகளுக்கு உங்கட வீடுதான் புடிச்சிருக்கு. ஆனா கல்யாணம் பக்கத்தில வந்திட்டு. தெஹிவளையில இன்னொரு வீடு பாத்து வச்சிருக்கம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க.”

அன்றைக்கு வெடித்துவிட்டேன். என் அப்பா தந்த வீடு, என் முழங்கால், இதில் நீங்கள் எதை யோசிக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. சுவரில் கலண்டர் தொங்கிய ஆணியைக் காட்டினார்.

“இஞ்சருமப்பா, இந்த வீட்டில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் உம்மட்டக் கேட்டுத்தானே அடிச்சனான். இண்டைக்குத்தான் ஒரு விஷயத்துக்கு என்னட்டக் கேக்கினம்.”

சிரிப்பு வந்தது, மனதுக்குள் சுருக்கென்றும் இருந்தது. சீதன வீட்டில் இத்தனை ஆண்டு இருந்த மனிதர். ஆனாலும் விட்டுக்கொடுக்க நான் ஆயத்தமில்லை.

“நீங்கள் கேளாமல் ஆணி அடிச்சிருந்தால் நான் ஏசியிருப்பன், அவ்வளவுதான். ஆணி சுவரிலதான் இருந்திருக்கும். நான் கேளாமல் வித்தால் அந்த விற்பனையே செல்லாது. விளங்குதோ? நான் கல்யாணம் கட்டாட்டி விக்கலாம். நீங்கள் போய்ச் சேந்திட்டாலும் விக்கலாம். நீங்கள் இருக்கிறதுதான் பிரச்சினை!”

அவர் என்னைப் பார்த்தார். முன்னால் இருந்த தேத்தண்ணியைப் பார்த்தார். மெதுவாகக் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தார்.

“இனி எனக்குச் சீனி போடாதையும்,” என்றார்.

அடுத்தநாள் காலை நான் எழும்பும்போது அவர் வெள்ளைச் சேர்ட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டதற்கு, புதுக்கடைக்கு என்றார்.

நொத்தாரிசுப் பிள்ளை பேனையை நீட்டி, “அங்கிளுக்குச் சம்மதம்தானே?” என்று கேட்டாள்.

“அது இருக்கட்டும் பிள்ளை. என்ர பேரில ஒரு வீடு இருந்து நான் அதை வித்தால், இவ கையெழுத்து வைக்கவேணுமோ?”

“தேவையில்லை அங்கிள்.”

“இவவுக்குச் சொல்லாமலே விக்கலாமோ?”

“விக்கலாம்.”

அவர் பேனையை வாங்கினார். “இவவைக் கேளாமல் நான் ஒரு மீன்கூட வாங்கினதில்லை,” என்றார். பிறகு, கந்தோரில் கோப்புகளில் போடும் அதே நீட்டுக் கையெழுத்தைப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி வாய்வரை வந்தது. என் வீட்டை விற்க எதற்கு நன்றி சொல்லவேண்டும் என்ற கோபமும் கூடவே வந்ததால் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஜெனீவாவில் என் மூன்று நிமிடத்தைப் பேசி முடித்தேன். குழுவில் இருந்த வயதான அம்மா ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். நடைமுறையில் கணவன்மார் உண்மையாகவே மறுக்கிறார்களா, அல்லது இது வெறும் சம்பிரதாயமா? எழுதிக் கொண்டுபோன தாளில் அதற்குப் பதில் இல்லை. “போன கிழமை என் வீட்டை விற்றேன்,” என்று தொடங்கினேன். “என் கணவர் கையெழுத்து வைத்தார். அவர் நல்ல மனிதர். வீட்டுப் பத்திரம் என்னிடம் இருந்தது. அது போதவில்லை. கூடவே ஒரு நல்ல மனிதரும் தேவைப்பட்டார்.” மொழிபெயர்ப்பு முடிந்ததும் அந்த அம்மா தலையை ஆட்டி எதையோ குறித்துக்கொண்டார்.

கூட்டத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். வெளியே வந்து கைபேசியைத் திறந்ததும் அவர் அழைத்தார்.

“உலகம் முழுக்கக் கேக்க என்னை நல்ல மனிசன் எண்டனீர். வீட்டில ஒருநாளும் சொன்னதில்லை.”

“வீட்டில சொன்னால் நீங்கள் ஆணி அடிக்கத் தொடங்கிடுவியள்.”

சிரித்தார். புது வீட்டில் லிப்ட் நன்றாக வேலை செய்கிறது என்றும், தான் சும்மா இரண்டு தரம் போய் வந்ததாகவும் சொன்னார். பிறகு குரல் தணிந்தது.

“அது சரி, நான் கூடாத மனிசனா இருந்திருந்தால்?”

“இப்பவும் படி ஏறிக்கொண்டிருப்பன்,” என்றேன்.