திறக்காத தண்ணீர் பாட்டில்

தியாகதுருகத்துக்கு முன்னால் இன்று இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல். அவர்கள் கோரிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. என் கோபமெல்லாம் பஸ்ஸுக்குள் நடந்ததன் மேல்தான்.

பஸ் நகராமல் நின்றதும் ஆண்கள் இறங்கிக் கரும்புக் கொல்லை ஓரம் ஒதுங்கிவிட்டு வந்தார்கள். பெண்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா சிறுநீர்த் தொற்றுக்குக் கள்ளக்குறிச்சியில் மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறார். மடியில் நிறைந்த தண்ணீர் பாட்டில்.

"நெறைய குடிக்கச் சொன்னாங்க. குடிச்சிட்டு எங்கங்க போறது?"

அப்போதுதான் கீழே போய்விட்டு வந்த முன்சீட்டுக்காரர் திரும்பினார். "கொஞ்ச நேரம் அடக்கிக்கினு இருந்தா இன்னா ஆயிடும்?"

காலையில் கல்லூரியில் நடத்திய பாடத்தை அவருக்கும் நடத்தினேன்.

"கிருமி மேல முடி மாதிரி இழை இருக்குதுங்க. 'பிலின்'னு சொல்ற புரதம் கோத்துக் கோத்துதான் அந்த இழை ஆவுது. அத்த வச்சி மூத்திரப்பையைப் புடிச்சிக்கும். அடக்கி வச்சா, நல்லா ஒட்டிக்கினு பெருகும்."

"பொம்பள பேசுற பேச்சா இது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறியல் முடிந்து பஸ் கிளம்பியது. அக்கா பாட்டிலைத் திறக்கவில்லை. பாடம் நடத்திய நானும் என்னுடையதைத் திறக்கவில்லை.

பஸ்ஸில் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கும் பெண் இங்கே யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்க்கலாம்.