அக்கா எழுதாத விண்ணப்பம்

"எத வேணா மாத்தும்மா, புறாவ மட்டும் எடுத்துடாத" என்றார் வார்டன் அம்மா.

பழைய இணையதளத்தைத் திறந்த முதல் நிமிஷமே நான் தூக்கியெறிய நினைத்தது அந்தப் புறாவைத்தான். இடது பக்கத்திலிருந்து கிளம்பும். எழுத்தின் மேலெல்லாம் பறந்து வலது பக்கம் போய் மறையும். மூச்சு விடுவதற்குள் மறுபடி இடது பக்கத்திலிருந்து கிளம்பும். கீழே சிவப்பில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும்; அதைப் படிக்கலாம் என்று கண்ணை இடுக்கினால் புறா வந்து மறைக்கும். போதாக்குறைக்குத் திறந்தவுடன் ஆர்கன் இசை வேறு. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண் யாராவது போனில் இதைத் திறந்தால் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும்.

"இத யாரும்மா செஞ்சது?" என்று கேட்டேன்.

"ஒரு தம்பி. ஆண்டவர் ஏவினாருன்னு சும்மா செஞ்சி குடுத்தாரு."

ஆண்டவர் ஏவினதை நான் குறை சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடுவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

வார்டன் அம்மா ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர். அந்த விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ஜெபக் குழு கூடும். பன்னிரண்டு பதிமூன்று பெண்கள். பாதிப் பேர் கம்பெனியில் லைனில் நிற்பவர்கள், மீதிப் பேர் சமையல், துப்புரவு, தையல். டிரஸ்ட் என்று பதிவு செய்திருந்தார்கள்; அதன் இணையதளத்தைத்தான் நான் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். வீட்டு ஞாபகம் வந்து அழுகிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு என்ன பாரம் இருந்தாலும் சாமி எதுவென்று கேட்காமல் ஜெபிப்பார்கள். என் குலசாமி அங்காளம்மன். முதல் நாளே அதைச் சொன்னேன். "அதனாலென்னம்மா, உனக்குக் கம்ப்யூட்டர் வருதில்ல" என்று சொல்லிவிட்டார் வார்டன் அம்மா.

எனக்கு அதுதான் பிழைப்பு. வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பேன், கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பேன். ஆனால் இவர்களோடு வேலை செய்தது மாதிரி யாரோடும் செய்ததில்லை. முதல் ஷிஃப்ட் பெண்கள் மூன்று மணிக்கு வந்து, "நீலமே இருக்கட்டும்" என்று முடிவு செய்துவிட்டுப் போவார்கள். ஆறு மணிக்கு ஜெனரல் ஷிஃப்ட் வரும். "ஐய, ஊதாதாம்மா நல்லா கீது" என்று எல்லாவற்றையும் கவிழ்க்கும். நான்காவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க ஆண்டவருக்கு எந்தக் கலரு பிடிக்கும்னு அவரையே கேட்டுச் சொல்லுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவே இல்லை. நல்ல யோசனை என்று அங்கேயே கண்ணை மூடிவிட்டார்கள்! இரண்டு நிமிஷம் கழித்து நீலம் என்றார்கள், ஏகமனதாக. அதன் பிறகு நான் வாயை அளந்து பேசினேன், ஒரு மூன்று நாள். புறா விஷயத்திலும் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அது ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கலாம், பறக்கக் கூடாது.

புதிய தளத்தில் அவர்கள் பெரிதாக எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று, 'எனக்காக ஜெபியுங்கள்' என்று யாரும் விண்ணப்பம் எழுத ஒரு ஃபார்ம். அதுவரை சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தகர டப்பா வைத்துத் துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழக்கம் இது: வருகிற விண்ணப்பம் ஒவ்வொன்றையும் ஒருத்தி தன் பாரமாக எடுத்துக்கொள்வாள். ஏழு நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டு அதற்காக ஜெபிப்பாள். ஏழாம் நாள் எழுதினவருக்குப் போன் செய்து, "உங்களுக்காகச் சாப்பிடாம ஜெபிச்சிருக்கோம், தைரியமா இருங்க" என்று சொல்வாள். அதனால் ஃபார்மில் போன் நம்பர் கட்டாயம் என்று வார்டன் அம்மா கண்டிப்பாகச் சொன்னார். ஒரே நம்பரிலிருந்து இரண்டாவது விண்ணப்பம் அந்த வாரம் வரக் கூடாது என்பதும் அவர் ஏற்பாடுதான். பேராசைக்காரர்களுக்காக ஒருத்தி பட்டினி கிடக்க முடியுமா?

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நான்கு வருஷமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவள் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தாள். பத்திரிகையை நான்தான் ராவும் பகலும் உட்கார்ந்து வடிவமைத்துக் கொடுத்தேன். கடைசியில், தட்டோடும் வெற்றிலை பாக்கோடும் வீட்டுக்கு வந்து என்னை அழைக்க வேண்டியவள், நான் செய்து அனுப்பின அதே பத்திரிகையை எனக்கே வாட்ஸப்பில் ஃபார்வர்டு செய்தாள்! கீழே ஒரு கும்பிடு போடுகிற கை. தாய்மாமன் இல்லாத வீடு, சித்தியாவது முன்னால் நிற்க வேண்டாமா? நான் போகவில்லை. அவளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அப்படியே நான்கு வருஷம் ஓடிவிட்டது. அவள் பெண் இப்போது பிளஸ் டூ படிக்கிறாளாம். அதுகூட யாரோ சொல்லித்தான் தெரியும்.

ஃபார்ம் தயாரானதும் ஒரு மத்தியானம் அதைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். முதலில் என் நம்பரைப் போட்டு முழங்கால் வலி என்று அனுப்பினேன். போயிற்று. இரண்டாவது விண்ணப்பத்துக்கு வேறு நம்பர் கேட்டது. வீட்டுக்காரர் நம்பரைப் போட்டு, "இவருடைய குறட்டை நிற்க வேண்டும்" என்று எழுதினேன். மூன்றாவதுக்கும் ஒன்று வேண்டுமே? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இன்னும் ஒன்றுதான் உண்டு. அது எங்கள் அப்பா வைத்திருந்த நம்பர், நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து வீட்டுக்கு இருந்த ஒரே போன். அவர் போன பிறகு அக்கா வைத்துக்கொண்டாள். விரல் தானாக அதை அடித்தது. அடித்ததும் எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில், அவளே எழுதுகிற மாதிரி எழுதினேன்:

"என் தங்கச்சிக்கு நான் செய்தது தப்பு. நேரில் போய் அழைத்திருக்க வேண்டும். என் திமிர் அடங்க வேண்டும். அவள் என்னோடு பேச வேண்டும். இப்படிக்கு, ஓர் அக்கா, வாலாஜாபாத்."

அனுப்பிவிட்டு, மனசு ஆறி, காபி போட்டுக் குடித்தேன்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்காரர் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏன்டி, யாரோ ஒரு அம்மா போன் பண்ணாங்க. என் கொறட்டைக்காக ஏழு நாளா மத்தியானம் சாப்புடலையாம். தைரியமா இருன்றாங்க. நான் இன்னாடி தைரியமா இருக்கறது?" என்றார்.

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. விண்ணப்பம் நேராக ஜெபக் குழுவின் வாட்ஸப்புக்குப் போகும்படி ஃபார்மை அமைத்திருந்தேன். சோதித்து முடிக்கும்வரை அதை என் நம்பருக்குத் திருப்பி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை! மூன்றையும் மூன்று பெண்கள் பாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று ஏழாம் நாள்.

ஐயோ, அக்கா!

அவள் ரோஷக்காரி. முன்பின் தெரியாத ஒருத்தி போன் செய்து, "உங்க திமிர் அடங்க ஜெபிக்கிறோம்" என்று சொன்னால் என்ன ஆகும்? எழுதினது யாரென்று அவளுக்குத் தெரியாமலா போகும்? கோபதாபம் என்றைக்காவது தீரும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை வைத்திருந்தேனே, அதில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். வார்டன் அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வண்டியை எடுத்தேன். அன்றைக்குப் பார்த்து ஒரகடம் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி. ஒவ்வொரு லாரிக்காரனையும் திட்டிக்கொண்டே போனேன். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

சாப்பாட்டுக் கூடத்தில் விடுதியின் சமையல்கார அம்மா மட்டும் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். விடுதிக்கே சமைத்துப் போடுகிற மனுஷி. குழுவில் எல்லோரையும்விட மூத்தவர் அவர்தான்.

"அம்மா, வாலாஜாபாத் விண்ணப்பம் யார்கிட்ட இருக்கு?"

"என்னாண்டதான் கீது. இன்னா கண்ணு, மூஞ்சி இப்டி வேத்துக் கெடக்குது?"

"போன் பண்ணிட்டீங்களா?"

"இப்பத்தான் பேசி முடிச்சேன்."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாவம் கண்ணு அந்தப் பொண்ணு" என்றார், ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே. "விண்ணப்பத்தப் படிச்சேனா, 'இது எங்கேருந்து வந்துச்சி'ன்னுச்சி. ஒரகடம்னேன். 'யாரு எழுதுனதா போட்டுக்கீது'ன்னுச்சி. 'நீதாம்மா, ஓர் அக்கான்னு போட்டுக்கீதே'ன்னேன். ஒரே அழுவ. 'ஆமாம்மா, நான்தான் எழுதினேன். நிறுத்திடாதீங்க'ன்னு சொல்லிச்சி. அதான் இன்னும் ஏழு நாளு சேத்து எடுத்துக்கினேன்."

தானே எழுதியதாக என் அக்கா சொல்லியிருக்கிறாள். அந்தச் சமையல்கார அம்மாவின் கையில் மாவுக்கறை, கழுத்தில் வியர்வை. அத்தனை பேருக்கு வடித்துக் கொட்டிவிட்டு, எட்டாவது நாளும் பட்டினி கிடக்கத் தயாராக நிற்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே, அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அந்தப் பத்து எண்ணை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுடி."

"அக்கா..."

"எனக்குத் திமிரா? எனக்கா? எழுதற கைய ஒடிக்கணும்டி. 'அடங்க வேண்டும்'னு வேற இலக்கணமா எழுதியிருக்க. உன்னத் தவிர இந்த லோகத்துல யாரு இப்டி எழுதுவா?"

"அப்போ நான் எழுதலன்னு சொல்றதுதானே? ஏன் ஆமான்ன?"



"இல்லன்னு சொல்லியிருந்தா அந்தம்மா விட்டுருப்பாங்கல்ல" என்றாள். "நாலு வருஷமா நமக்காவ ஒருத்தரும் ஒரு துரும்பக் கிள்ளிப் போடல. சொந்தக்காரங்க எல்லாம் வேடிக்க பாத்தாங்க. முகம் தெரியாத ஒரு பொம்பள, நீயும் நானும் பேசணும்னு சோறு தண்ணி இல்லாம கெடக்கறா. நான் எப்டிடி இல்லன்னு சொல்றது?"

நான் வாய்விட்டு அழுதேன். அவளும் அழுதாள். இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினோம். பிறகு அவள்தான் முதலில் தெளிந்தாள், எப்போதும் போல அதட்டினாள்: "அழுதது போதும். மொதல்ல அந்தம்மாவ சாப்புட சொல்லு. போன வெச்சிடாத, நான் லைன்லயே இருக்கறேன்."

போனை மேஜைமேல் வைத்தேன். உள்ளே போய் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, சாம்பாரை ஊற்றி, சமையல்கார அம்மாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தேன்.

"இன்னா கண்ணு இது? எனக்கு உபவாசம்."

"முடிஞ்சிடுச்சிம்மா. நாங்க பேசிட்டோம். அந்த விண்ணப்பத்த எழுதினது நான். அவ என் அக்கா."

அவர் என்னைப் பார்த்தார். மேஜையில் இருந்த போனைப் பார்த்தார். அதிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எழுதுனது நீ. ஆமான்னு சொன்னது அது. அப்போ நான் ஏழு நாளு பட்டினி கெடந்தது யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்தாம்மா."

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்போ இன்னும் ரெண்டு கரண்டி போடு" என்றார்.