இடது கைக்கு ஒரு டெலிபோன்

காளியாயி எதையும் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். பூசணிக்காய் என்றாலும் சரி, பித்தளைக் குடம் என்றாலும் சரி, இரண்டு கையிலும் ஏந்தி ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தால் நிறையைச் சொல்லிவிடுவாள். முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து சுமந்த உடம்பு அது. எழுத்துதான் ஒன்றும் தெரியாது. தோட்டத்தில் பேர் பதிந்த அன்று பெருவிரலை மையில் தோய்த்து வைத்ததோடு தன் படிப்பு முடிந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்தாள். கடைவீதியில் சிதம்பரநாதன் முதலாளியின் கடைக்குள் நுழைந்து, வீட்டுக்கு டெலிபோன் வேண்டும் என்று கேட்டாள்.

"கையில கொண்டுபோற போனுங்களாம்மா?"

"அது இருக்குங்க மொதலாளி. வயரு வச்சது வேணும். சுருள் சுருளா தொங்குமே, அது."

கூட வந்த மகள் நிலக்ஷிக்கு வெட்கமாக இருந்தது. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிற பெண். "அம்மா, வயரில்லாததுலயே வீட்டு லைன்ல பேசலாம். அப்பா பக்கத்துலயே வச்சிக்கலாம்" என்றாள்.

"கீழ விழுந்தா அப்பா எப்பிடி எடுப்பாரு?"

நிலக்ஷி முதலாளியைப் பார்த்து, "வயரு வச்சதே காட்டுங்க" என்றாள்.

மாசி மாதம் அவள் புருஷன் கந்தப்பனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில், காற்றாடிகளின் இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்தே பழகிய மனிதன் அவன். லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடியில் அவன் சிரித்தால் அந்தக் கோடியில் நாய் எழுந்து நிற்கும். இப்போது தொண்டைக்குள் ஒரு முனகல் மட்டும் மிச்சம். காளியாயி கொழுந்து பறிக்க மலைக்குப் போனால், மத்தியானச் சோற்றுக்கு அவள் வரும் நேரம் தவிரப் பகல் முழுவதும் தனியாகக் கிடப்பான். அக்கம்பக்கத்துக் காம்பரா வீடுகளில் ஒருவரும் இருக்க மாட்டார்கள், எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். கைபோன் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். அது இடது கையில் வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அவள் வரும்வரை அவன் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். வயர் வைத்த டெலிபோன் என்றால், ரிசீவர் விழுந்தாலும் சுருளைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நாலு நாள் யோசித்து அவளே கண்டுபிடித்தாள்.

வீட்டில் லைன் இருந்தது. பழைய பெட்டிதான் இடி விழுந்து கருகிப்போயிருந்தது.

முதலாளி ஐந்து பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். காளியாயி நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை முந்தானைக்குள் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். இடது கையால் ஒவ்வொரு ரிசீவராக எடுத்தாள், காதில் வைத்தாள், வேண்டுமென்றே கீழே போட்டாள், சுருளைப் பிடித்து இழுத்தாள். முதலாவது, இழுத்ததும் பெட்டியோடு வந்தது. இரண்டாவது கன்னத்தில் நிற்கவில்லை. மூன்றாவதன் சுருள் குட்டை.

"டெலிபோன நிறை பாத்து வாங்குற ஆள இன்னைக்கித்தான் பாக்குறேன்" என்றார் முதலாளி.

"ஒங்களுக்கென்ன மொதலாளி, விக்கிறதோட சரி. எங்க வீட்டுக்காரரு பட்டிப்பொல மலைக் குளிருல பொறந்தவரு. லேசுல எதுக்கும் சம்மதிக்க மாட்டாரு."

நான்காவதைத் தூக்கியதும் கண்ணை மூடித் திறந்தாள். கறுப்பு நிறம், கருங்கல் மாதிரி கனம். இழுத்தாள், பெட்டி அசையவில்லை. மேலே மூன்று பெரிய பொத்தான்கள் தனியாக இருந்தன. ஒன்றில் ஒரு நம்பரைப் பதிந்து வைத்தால், அதை அழுத்தினாலே அந்த நம்பருக்குப் போகும் என்றார் முதலாளி. ரிசீவர் படுக்கிற பள்ளத்தில் சின்னதாக இரண்டு குமிழ் இருந்தன. "இதுங்க மேல எழும்பினாத்தான் லைன் வரும்" என்று காட்டினார். அவள் விரலால் அமுக்கி அமுக்கி விட்டுப் பார்த்தாள். துள்ளித் துள்ளி எழுந்தன.

"இதுதான்" என்றாள்.

அவளுடைய கைபோன் நம்பரை முதலாளியே பதிந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் காளியாயி தன் நெற்றி ஒட்டுப்பொட்டை எடுத்து அந்தப் பொத்தானில் ஒட்டினாள். கந்தப்பன் பாதி வாயால் சிரித்தான்.

பத்து மணிக்கு, மலையில் எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், அவள் கூப்பிடுவாள். அவன் எடுத்து ரிசீவரை நகத்தால் ஒரு தட்டு தட்டுவான். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். விடாமல் தட்டினால் வா என்று அர்த்தம். அவள் அந்த ஒரு தட்டைக் கேட்டுவிட்டு, கஞ்சி குடிச்சீங்களா, மழை வருது, நம்மள மேய்க்கிற கண்டாக்கையா இன்னைக்கி மூஞ்சிய தூக்கி வச்சிருக்காரு என்று ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். "அக்கா கல்யாணம் கட்டுன புதுசுலகூட இம்புட்டு பேசியிருக்காது" என்று பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிற லெட்சுமி கேலி செய்வாள். ஏழு மாதம் இப்படி ஓடியது.

ஆயுத பூசை வந்தது. சோறு போடுகிற சாமானையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிற நாள். கொழுந்துக் கூடை, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, அரிவாள்மணை எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். டெலிபோனை மறப்பாளா. அதற்குத்தான் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தாள். அந்தச் சின்னக் குமிழ் இரண்டும் அவளுக்குக் கண்கள் மாதிரித் தெரிந்தன. இரண்டிலும் அப்பி, குங்குமம் வைத்து, ரிசீவரை மேலே படுக்கவைத்தாள். கும்பிட வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது. யாரும் தொடவில்லை.

மறுநாள் காலையில் கந்தப்பன் கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு தரம் ஊட்டிப் பார்த்தாள். மலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. "ஒங்க வீம்பு எங்கிட்ட வேகாதுங்க" என்று சட்டியை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பத்து மணிக்குக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"தூங்கியிருப்பாருக்கா" என்றாள் லெட்சுமி.

"தூக்கமில்ல, கோவம். கஞ்சி சண்ட" என்றாள் காளியாயி. "கோவம்னா இருந்துட்டு போகட்டும்."

மத்தியானம் அவள் கூப்பிடவில்லை. அவளுக்கும் வீம்பு இருந்தது. அன்று மேல்மலையில் வேலை, வீட்டுக்குப் போய்வர முடியாது. மாலையில் கொழுந்து நிறுவை முடிந்ததும் ஏதோ உறுத்த, மீண்டும் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. கூடையை லெட்சுமியிடம் போட்டுவிட்டு இறங்கினாள்.

கந்தப்பன் கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தான். உடம்பு குளிர்ந்திருந்தது. ரிசீவர் அவன் இடது கைக்குள் இருந்தது. சுருள் இழுபட்டு விறைத்து நின்றது. பெட்டி மட்டும் வைத்த இடத்திலேயே அசையாமல் இருந்தது.

அவள் அவனைத் தூக்கிக் கிடத்தினாள். அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தாள். குமிழ் இரண்டும் காய்ந்த சந்தனத்துக்குள் அமுங்கியே கிடந்தன. நகத்தால் சுரண்டினாள். ஒன்று எழுந்தது, மற்றதும் எழுந்தது. அவன் கைக்குள்ளிருந்து லைன் இரைகிற சத்தம் வந்தது.

லயத்து ஆட்கள் வந்தார்கள். டாக்டரும் வந்து பார்த்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகுதான் குமிழில் அப்பிய சந்தனத்தைப் பற்றி மகளிடம் சொன்னாள்.

நிலக்ஷி தாயின் அருகே வந்து உட்கார்ந்தாள். பிறகு, "ரெண்டாந்தடவ வாதம் வந்தா நிமிஷத்துல முடிஞ்சிரும்னு டாக்டரே சொன்னாரும்மா. போன் வேல செஞ்சிருந்தாலும் நீங்க மேல்மலையிலருந்து எறங்க முக்கா மணி நேரம்" என்றாள்.

"நான் அடிச்சது அவருக்கு கேட்டிருக்கு. எடுத்திருக்காரு. எடுத்தும் மணி நிக்கல."

"அது எந்நேரம்னு ஒங்களுக்கு எப்பிடி தெரியும்?"

"தெரியாது. பத்து மணியா இருந்தாலும் நான் வரல. அந்தியா இருந்தாலும் நான் வரல."

"சாமிக்கு வச்ச சந்தனம்மா. ஒங்க மேல என்ன குத்தம்?"

"சாமி மேல போடாத புள்ள. வச்சது என் வெரலு. கோவம்னு சொன்னது என் வாயி. ஆளாளுக்கு ஆறுதல் சொல்லி இத எங்கிட்டருந்து பிடுங்காதீங்க. அவருக்குன்னு நான் வச்சிக்க வேற என்ன இருக்கு?"

நிலக்ஷி தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காளியாயி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு, "எந்திரி, காலையிலருந்து ஒன்னும் திங்கல" என்று சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டினாள். மகள் ஒவ்வொரு வாய்க்கும், "நீங்களும் சாப்பிடுங்கம்மா" என்றாள்.

"நீ சாப்பிடு" என்றாள் காளியாயி.